டாப்-அப் கடனுக்கு முன்னால் அப்பாவுக்கு சி.டி. எடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. வலது கை நடுக்கத்தால் தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறார். எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோய் என்கிறார்கள். மண்டையைத் திறக்காமல், எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொண்டே அல்ட்ராசவுண்ட் சூட்டால் சரிசெய்யலாமாம். செலவு என் எட்டு மாதச் சம்பளம். இந்த மாதமே முழுப் பணத்தையும் கட்டினால் தள்ளுபடி, பழைய பர்சனல் லோனில் டாப்-அப் போட்டுவிடு, இல்லையென்றால் ஜீரோ வட்டி கார்டு எடு என்று அத்தான் விரட்டுகிறார். அக்கா வீட்டுத் தேவைக்காக ஏற்கெனவே இரண்டு முறை டாப்-அப் போட்டவள் நான். பாக்கி ஐந்து மாதச் சம்பளம், 24 தவணை, வட்டி 14%. போடலாமா?

பதில்: போடாதீர்கள். சிகிச்சை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. மருந்துக்கு அடங்காத எசென்ஷியல் ட்ரெமருக்கு அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2016-லேயே இதை அனுமதித்தது. உங்களைக் கெடுப்பது, யார் அவசரம் என்று வந்து நின்றாலும் முடியப்போகிற கடனைத் திறந்து புதுக் கடனை அதற்குள் ஊற்றும் பழக்கம். இது மூன்றாவது முறை.

சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய தவணை 24. பாக்கி 500-உடன் 800 சேர்த்து ஐந்து வருடம் ஆக்கினால் தவணை சுமார் 30. "ஆறுதானே கூட" என்பார்கள். ஆனால் மொத்தமாகக் கட்டுவது 1,815. அதில் வட்டி மட்டும் 515. பழைய கடனைத் தொடாமல் 800-ஐ அதே வட்டியில் ஐந்து வருடத்துக்குத் தனியாக வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்து வட்டி 393. டாப்-அப் என்ற வசதிக்கு ஒன்றேகால் மாதச் சம்பளம் விலை. இரண்டு வருடத்தில் முடியவேண்டிய கடன் ஐந்து வருடத்துக்கு நீள்வது வேறு.

ஜீரோ வட்டி கார்டு 12 மாதத் தவணை என்றால் மாதம் 67. ஏற்கெனவே 24. மீதி 9-ல் குடும்பம் நடத்த முடியுமா? ஒரு தவணை தவறினால் அந்த ஜீரோ எவ்வளவு நாள் ஜீரோவாக இருக்கும் என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தள்ளுபடியும் ஜீரோ வட்டியும் ஒன்றாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று: அப்பாவின் மண்டையோடு இந்தச் சிகிச்சைக்கு ஒத்துவருமா என்பதையே இன்னும் யாரும் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தலையைச் சுற்றியுள்ள 1,024 ஒலிமூலங்களின் அலைகள் எலும்பைத் தாண்டி, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியில் சில மில்லிமீட்டர் இடத்தில் குவிய வேண்டும். மண்டையோட்டின் வெளி ஓட்டுக்கும் உள் ஓட்டுக்கும் நடுவே பஞ்சு போன்ற அடுக்கு இருக்கிறது. ஓட்டுக்கும் அந்த அடுக்குக்கும் அடர்த்தி வித்தியாசம் அதிகமானால் அலை சிதறும், சூட்டை எலும்பே வாங்கிக்கொள்ளும். சி.டி. ஸ்கேனிலிருந்து இதை ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள்: மண்டையோட்டு அடர்த்தி விகிதம். வித்தியாசம் கூடினால் எண் குறையும். அது 0.40-க்குக் கீழே இருந்தால் தேவையான சூட்டை ஏற்றுவது கடினம். அதற்குக் கீழேயும் முயல்பவர்கள் உண்டு. ஆனால் கூடுதல் ஆற்றல் செலுத்த வேண்டும், தலைவலியும் கூடும். அந்த சி.டி.க்கு ஆகும் செலவு மொத்தத்தில் சிறு துண்டு. பெரிய பணத்தை முடிவுசெய்யப்போகும் இந்தச் சின்னச் செலவை முதலில் செய்யுங்கள்.

சிகிச்சை நாளில் தலையை மழித்து, நான்கு திருகுகளால் சட்டம் பூட்டி, தலையைச் சுற்றிக் காற்று நீக்கிய குளிர்நீர் ஓடவிடுவார்கள். முதல் சூடு 40–45 டிகிரிதான், இடம் சரியா என்று பார்க்க. அடுத்து 50-ஐ ஒட்டி. அப்போது அப்பா ஒரு காகிதத்தில் சுருள் கோடு வரைய வேண்டும். கோட்டில் நடுக்கம் குறைகிறதா, உதடோ விரலோ மரத்துப்போகிறதா என்று சோதிப்பார்கள். அதெல்லாம் சரியாக இருந்தால்தான் 55–60. அங்கே திசு நிரந்தரமாக அழியும். சூட்டை அளப்பது எம்.ஆர்.ஐ. ஒரு டிகிரி ஏறினால் நீரிலுள்ள ஹைட்ரஜனின் அதிர்வெண் பத்து லட்சத்தில் 0.01 பங்கு நகரும், அதை வைத்துக் கணக்கு. தலை அசைந்தால் அளவு கெட்டுவிடும். எவ்வளவு முயன்றும் சூடு ஏறாமல் பாதியில் நிறுத்துவதும் நடக்கும். அப்படி நிறுத்தினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள்.

ஒரு முறையில் ஒரு கைக்குத்தான் செய்வார்கள். மறு கைக்கும் வேண்டுமென்றால் குறைந்தது 9 மாத இடைவெளியும் இன்னொரு கட்டணமும். பக்கவிளைவாக வரும் மரத்துப்போதலும் நடைத் தள்ளாட்டமும் பலருக்குத் தானே குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். சிலருக்குச் சில வருடங்களில் நடுக்கம் ஓரளவு திரும்பும்.

ஆகவே முதலில் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நடுக்கத்துக்கான மாத்திரைகளான ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டையும் அப்பாவுக்கு ஏற்ற முழு அளவில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலும் அன்றே சொல்லிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சிகிச்சையின் முழுப் பெயரை எழுதி முன்அனுமதி கேளுங்கள். வாய்வார்த்தை "கவராகும்" போதாது.

எல்லாம் கூடிவந்தால் அக்கா, அத்தான் பாதி, நீங்கள் பாதி. உங்கள் 400-ஐத் தனிக் கடனாக மூன்று வருடத்துக்கு எடுத்தால் தவணை 14-க்குள். பழைய 24-உடன் சேர்த்து 38. இறுக்கம்தான், ஆனால் இரண்டு வருடத்தில் அந்த 24 கழன்றுவிடும். அவர்கள் பாதி அத்தான் பெயரிலேயே இருக்கட்டும், ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். இந்த மாதத் தள்ளுபடியைப் பற்றி அவர் மறுபடி கேட்டால், "சி.டி. ரிப்போர்ட் வரட்டும் அத்தான், அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று சொல்லுங்கள்.