சுரத்தின் பெயர் தெரியாமல் ராகம் கேட்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல வருடமாகக் கச்சேரி கேட்கிறேன். நண்பரின் மகளுக்கு ‘பெர்ஃபெக்ட் பிட்ச்’ இருக்கிறது. எந்த ஒலியைக் கேட்டாலும் கீபோர்டில் அது எந்தக் கட்டை என்று சொல்லிவிடுகிறாள். எனக்குச் சுத்தமாக வரவில்லை. செயலி வைத்துப் பழகினேன். மதிப்பெண் ஏறுகிறது, மறுநாள் காலையில் பூஜ்யம். இது இல்லாமல் நான் கேட்பதெல்லாம் அரைகுறைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. செயலி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முதல் சுரத்துக்கு விடை தெரிந்ததும் அடுத்தவற்றை அதோடு ஒப்பிட்டே சொல்லிவிடுகிறீர்கள். மதிப்பெண் ஏறுவது அதனால்தான். காலையில் ஒப்பிட எதுவும் இல்லை, விழுகிறது. பெர்ஃபெக்ட் பிட்ச் பெரும்பாலும் சிறு வயதிலேயே இசை கற்கத் தொடங்கியவர்களிடம் காணப்படுவது. ஆனால் ஒப்பிட்டுச் சொன்னீர்களே, ராகம் கேட்க வேண்டியது அந்தக் காதுதான்.

ஒருவர் ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டின் ‘சி’) பாடுகிறார், இன்னொருவர் ஐந்து கட்டையில் (‘ஜி’). ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றரை மடங்காகிவிட்டது. கல்யாணி கல்யாணியாகவே இருக்கிறது. கீபோர்டில் ‘ஏ’ என்ற சுரம் என்றால் 440 ஹெர்ட்ஸ் என்பதும் மனிதர்கள் பேசி வைத்த கணக்குதான். 1859இல் பிரான்ஸ் அதை 435 என்று வகுத்தது. பரோக் எனும் பழைய ஐரோப்பிய இசையை வாசிக்கும் குழுக்கள் பல இன்றும் 415இல் வாசிக்கின்றன, கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே. பெர்ஃபெக்ட் பிட்ச் உள்ளவர்களில் சிலருக்கு அங்கே உட்காரவே முடியாது!

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில், அதாவது ‘சி’யில் வைத்து, கீபோர்டில் சி, டி, ஈ, ஜி, ஏ வாசியுங்கள். மோகனம். சுருதியை ‘டி’க்கு மாற்றி, அதே ஐந்து கட்டைகளை ‘டி’யில் தொடங்கி ‘டி’யில் முடியுங்கள். மத்யமாவதி. ‘ஏ’வில் வைத்தால் சுத்த தன்யாசி. ‘ஈ’யில் மட்டும் கவனம்: கிடைப்பது ஹிந்தோளம், அதில் பஞ்சமம் (ப) கிடையாது. சுருதிப்பெட்டியில் பஞ்சமம் ஒலித்தால் எல்லாம் கெட்டுவிடும். பஞ்சமத்துக்குப் பதில் மத்யமம் (ம) ஒலிக்கும் மத்யம சுருதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுருதியை மாற்றிய பிறகும் பழைய ராகமே கேட்கிறதென்றால் காது பழைய சட்ஜத்தை, அதாவது ஆதார சுரமான ‘ச’வை, விடவில்லை. இரண்டு நிமிடம் சுருதியை மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். கட்டைகளை மட்டும் கேட்பவருக்கு நான்கு தடவையும் ஒரே ஐந்து சுரங்கள். உங்களுக்கு நான்கு ராகங்கள். கிரகபேதம் என்பது இதுதான்.

கீபோர்டில் பழகிய காதுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தம்புராவின் சட்ஜத் தந்தியில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் (சுருதி ‘சி’ என்றால் ‘ஈ’ கட்டையின் ‘க’), கீபோர்டின் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே இருக்கிறது (அரைச் சுரம் என்பது 100 சென்ட்). தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரத்தை அந்தக் காது ‘கொஞ்சம் குறைகிறது’ என்று சொல்லக்கூடும். தோடி ராகத்தின் காந்தாரமோ ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். அதற்கு எந்தக் கட்டையின் பெயரைச் சொல்வது?

நீங்கள் பழக வேண்டியது வேறு. ஆலாபனை தொடங்குமுன் தம்புராவிலிருந்து சட்ஜத்தைப் பிடித்து வாய்க்குள் முனகுங்கள், பிறகு பஞ்சமம். அடுத்து மத்யமத்தைக் கவனியுங்கள். பஞ்சமத்தை ஒட்டி, அரைச் சுரம் கீழே இருந்தால் பிரதி மத்யமம்; ஒரு முழுச் சுரம் தள்ளி இருந்தால் சுத்த மத்யமம். கல்யாணிக்கும் சங்கராபரணத்துக்கும் சுரஸ்தானத்தில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். நிஷாதமும் (நி) காந்தாரமும் அதற்குப் பிறகு.

வழக்கமாகத் தவறுவது ஓரிடத்தில். பாடகர் வெகுநேரம் பஞ்சமத்திலேயே நின்றால் அதுவே சட்ஜம்போலத் தோன்ற ஆரம்பிக்கும். அப்போது தம்புராவுக்குத் திரும்புங்கள். ஒலிபெருக்கியில் தம்புரா அமுங்கிப்போயிருந்தால் மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத்தை) கேளுங்கள், அது சட்ஜத்தில்தான் சேர்க்கப்பட்டிருக்கும்.