புல்மன் நகரம்: கூலியும் வாடகையும் ஒரே கையில்

கேள்வி: அமெரிக்காவில் 1894-இல் நடந்த புல்மன் வேலைநிறுத்தத்துக்குக் கூலிக் குறைப்பு ஒன்றுதான் காரணமா? தொழிலாளர்களுக்கென ஒரு நகரத்தையே கட்டித் தந்த நிறுவனத்தில் அது வெடித்தது ஏன்?

பதில்: கூலி கொடுத்தவரும் வாடகை வாங்கியவரும் ஒருவராகவே இருந்ததுதான் அந்தக் குறைப்பைத் தாங்க முடியாததாக்கியது. படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளைத் தயாரித்த ஜார்ஜ் புல்மன், 1880-களின் தொடக்கத்தில் சிகாகோவுக்குத் தெற்கே தம் பெயரிலேயே ஒரு நகரத்தை எழுப்பினார். குழாய்த் தண்ணீர், எரிவாயு, பூங்கா, நூலகம் எல்லாம் இருந்தன; குடியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்கும் உரிமை மட்டும் எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. தேவாலயத்துக்கும் கூடுதல் வாடகை கேட்கப்பட்டதால், அந்த அழகிய கட்டடம் சில ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தது.

1893-இன் பொருளாதார நெருக்கடியில் கூலி சராசரியாக 25 விழுக்காடு குறைக்கப்பட்டது. வாடகையோ இம்மியும் குறையவில்லை, பங்குதாரர்களுக்கு 8 விழுக்காடு ஈவுத்தொகையும் தவறாமல் போய்ச் சேர்ந்தது. சம்பள நாளில் வாடகைக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று என இரண்டு காசோலைகள் தரப்பட்டன. முதலாவதை அங்கேயே கையெழுத்திட்டுத் திருப்பித் தருவார்கள் என்று நிர்வாகம் எதிர்பார்த்தது. வாடகை போக மூன்று நான்கு சென்டுகளே மிஞ்சியதைக் கண்டு, எட்டொன்பது பிள்ளைகளின் தகப்பன்மார் அங்கேயே நின்று அழுததைப் பார்த்ததாக ஒரு தொழிலாளி, இந்த வேலைநிறுத்தம் குறித்து மத்திய அரசு பின்னர் அமைத்த விசாரணைக் குழுவிடம் சாட்சியம் அளித்தார்.

முறையிடச் சென்ற குழுவில் மூவர் வேலையிழக்க, மே 11 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கம், ஜூன் 26 முதல் புல்மன் பெட்டிகளைக் கையாள மறுத்ததும், சிகாகோவுக்கு மேற்கே ரயில் போக்குவரத்து பெரும்பாலும் முடங்கியது. (அச்சங்கம் கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், புல்மன் பெட்டிகளில் பணிவிடை செய்தவர்களோ அவர்கள்தாம்.) அஞ்சல் தடைப்படுகிறது என்று நீதிமன்றத் தடையாணை பெற்ற மத்திய அரசு, இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பையும் மீறிப் படையை அனுப்பியது. அதை முன்னின்று நடத்திய அட்டர்னி ஜெனரல் ரிச்சர்டு ஆல்னி, ரயில் நிறுவனங்களுக்கு வழக்கறிஞராக இருந்தவர். ஆகவே அரசு நடுநிலை வகித்தது என்ற வாதத்தை நான் ஏற்பதற்கில்லை.

போராட்டம் தோற்றது, டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். எனினும், புல்மன் வாடகை அக்கம்பக்கத்தைவிட 20 முதல் 25 விழுக்காடு அதிகம் என்பதை விசாரணைக் குழு பதிவுசெய்தது. 1898-இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம், ரயில் பெட்டி செய்ய உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஓர் ஊரையே உடைமையாக வைத்திருக்க அதிகாரமில்லை என்று கூறி, தொழிலுக்குத் தேவைப்படாத வீடுமனைகளை விற்றுவிட ஆணையிட்டது.