எளிதில் அழுதுவிடுகிறவர்கள் நர்ஸ் வேலைக்குப் போகலாமா?

தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேரப் போகிறாள், சின்ன விஷயத்துக்கும் அழுதுவிடுவாள், தாக்குப்பிடிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அழுகிறவர்கள் தாராளமாகத் தாக்குப்பிடிக்கிறார்கள். நானே உடை மாற்றும் அறையில் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். எனக்குக் கவலை வேறு: அவளுக்கு 'முடியாது' என்று சொல்ல வருமா?

குணத்துக்கும், வேலைச் சோர்வில் மனம் வற்றிப்போவதற்கும் (பர்ன்அவுட்) தொடர்பு உண்டுதான். 1981-இல் கிறிஸ்டினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இந்தச் சோர்வை அளக்க வெளியிட்ட 22 கேள்விகளை வைத்து நர்ஸ்களிடம் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எதற்கும் பதறி, கவலையை உள்ளேயே போட்டு உழப்புகிறவர்கள் சீக்கிரம் சோர்கிறார்கள் என்றுதான் அவற்றில் பலவும் சொல்கின்றன. ஆனால் குணத்தைப் பார்த்துத்தான் வேலையும் வந்து சேர்கிறது. அதை நான் வார்டில்தான் தெரிந்துகொண்டேன்.

என்னோடு ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கம், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். யார் லீவ் போட்டாலும் இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் அவளிடம்தான் வருவார். "நீ ஹாஸ்டல்லதானே இருக்க, நைட்டும் பாத்துடும்மா." மறுக்கவே மாட்டாள். நானும் இரண்டு தடவை அவளிடம் டியூட்டி மாற்றிக் கேட்டிருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அவள் கையில் மூன்று பெட் இருக்கும்.

ஒருநாள் காலை, அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில், இரவு இறந்துபோன தாத்தாவைப் பற்றி, "ஏழாம் பெட் காலி" என்று மட்டும் சொன்னாள். முந்தின வாரம் அவருக்குத் தலை சீவிவிட்டவள் அவள். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டாள்.

உலக சுகாதார நிறுவனமே 2019-இல் இந்தச் சோர்வை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. "உன் மனசு வீக்" என்று யாராவது சொன்னால் உங்கள் தங்கை நம்ப வேண்டாம்.

அப்புறம், வேலையில் சேரும்போதே ஒரு நைட்டுக்கு எத்தனை நோயாளி, தொடர்ந்து எத்தனை நைட், அதற்கு ஆஃப் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

முதல் வருடம் அவள் போன் செய்தால், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். இன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தாய் என்றும் கேளுங்கள்.