வாசகர் கேள்வி: கூரையில்லா மின்காரில் திருகோணமலை

கேள்வி: உப்புவெளியில் தங்கி, நாலு பேர் அமரும் திறந்த மின்காரை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கப்போகிறோம். கோணேஸ்வரம், கன்னியா, நிலாவெளி மூன்றையும் அன்றே பார்க்கலாமா?
– வாசகி, மட்டக்களப்பு

பதில்: இரண்டோடு நிறுத்துங்கள். இத்தகைய கார்கள் பலவற்றில் இருப்பது 48 வோல்ட் ஈய-அமில பற்றரித் தொகுதி. அது 150 ஆம்பியர்-மணி என்றால் கொள்ளளவு 7.2 கிலோவாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 3.6 தான். நாலு பேரோடு கிலோமீற்றருக்கு 100 வாட்-மணி வைத்தால் 36 கி.மீ. கோணேஸ்வரம் போய்வர ஏறக்குறைய 15, நிலாவெளிக்கு 20. மிச்சமே இல்லை. மதியம் இரண்டு மணிநேரம் சார்ச் ஏற்றினால் மேலும் 12 கி.மீ. அளவு கிடைக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அநுராதபுர வீதிப் பக்கம், நகரிலிருந்து 8 கி.மீ. அளவில் இருக்கின்றன. அதை மறுநாள் பாருங்கள்.

காலையில் வெயில் ஏறுமுன் கோணேஸ்வரம். கோயிலுக்கு வழியான பிரெட்ரிக் கோட்டை இன்றும் இராணுவ முகாம். வாயிலில் சோதனைக்கு நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். மேட்டில் ஒரே சீராக, மெதுவாக ஏற்றுங்கள். இடையில் நின்று மறுபடி கிளப்பும்போதுதான் மோட்டார் மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். அப்போது வோல்ட் மீற்றர் சட்டென இறங்கினால் பதற வேண்டாம். நிறுத்திச் சற்று ஆறவிட்டுப் பாருங்கள். 50.8 வோல்ட் என்றால் நிறைவு, 48.4 என்றால் பாதி. கோட்டை மான்களுக்குத் திறந்த கார் வசதி: அர்ச்சனைத் தட்டை இருக்கையில் வைத்துவிட்டு நகராதீர்கள்.

பிற்பகல் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப்போர் மயானத்தைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். நிலாவெளியில் சூரியன் கடலில் மறையும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது கிழக்குக் கரை! அஸ்தமனம் வேண்டுமென்றால் நகரின் உள்துறைமுகப் பக்கம்தான் போகவேண்டும்.

கேள்வி: கடற்கரை மணலில் காரை இறக்கலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: கூடாது. சின்ன ரயர் புதைந்ததும் மேலும் அழுத்துவார்கள். சில்லு சுழலாமல் மோட்டார் மட்டும் முறுக்கும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சூடேறி நின்றுவிடும். புதைந்துவிட்டால் பெடலிலிருந்து காலை எடுத்து, எல்லோரும் இறங்கி, சில்லுகளுக்கு முன்னால் பலகை வைத்துத் தள்ளுங்கள். உப்புக்காற்று பற்றரி முனைகளில் பச்சை வெள்ளைப் பூச்சாகப் படியும். உரிமையாளர் வாஸ்லின் பூசி வைத்திருக்கிறாரா என்று இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். அப்படியே இலக்கத் தகடும் காப்புறுதியும் கேளுங்கள். அவை இல்லாத கார் ஹோட்டல் வளவுக்குள் ஓட மட்டுமே.

கேள்வி: தங்குமிடத்தில் சாதாரண பிளக்கில் சார்ச் போடலாமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாக. 1,000 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4½ ஆம்பியர்தான் எடுக்கும். ஆபத்து நீட்டு வயரில்தான். சுருளில் சுற்றியபடியே பாவித்தால் உள்ளே வெப்பம் சேர்ந்து உறை உருகும், முழுக்க விரித்துவிடுங்கள். பற்றரிக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது சார்ச் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் அமிலம் வழியும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?
– வாசகர், கல்முனை

பதில்: ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. ஒக்டோபருக்குப் பிறகு மழை, ஓட்டோவில் போங்கள்.