அலைச்சறுக்கும் தோள்வலியும்

கேள்வி: கோவளத்தில் ஒரு மாதமாக அலைச்சறுக்கு பழகுகிறேன். நன்றாக நீந்தத் தெரிந்தும் தோள்வலி நீங்கவில்லையே, ஏன்?

பதில்: அலைமேல் நிற்பது சில விநாடிகளே, கடலில் கழியும் நேரத்தில் ஏறக்குறையப் பாதி, பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளுவதிலேயே போவதால், சுமையில் பெரும்பங்கு தோள்களில் விழுகிறது. வாரம் 3 நாள் ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டையின் பின்தசைகளை வலுப்படுத்துங்கள். கடலில் இறங்குமுன் 10 நிமிடம் மணலில் ஓடிக் கைகளைச் சுழற்றுங்கள். வலி தீரும்வரை கடல் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாகப் பழகுவோர் நெடுநேரம் முதுகைப் பின்னே வளைத்துப் படுத்திருக்கையில், அரிதாகத் தண்டுவடத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து கால்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே திடீர் முதுகுவலியோ கால் மரப்போ தோன்றினால், அடுத்த அலைக்குக் காத்திராமல் கரையேறி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விழுந்து மேலெழும்போது சொந்தப் பலகையே மோதக்கூடும் என்பதால், இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள்.