நீதிமன்றங்களில் ஏ.ஐ. வந்தால் சிவில் வழக்குகள் சீக்கிரம் முடியுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் ஒரு பாகப்பிரிவினை வழக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது போல. நான் கடலூரில் வக்கீல் குமாஸ்தா. 'வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதுகிறான்' என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஏ.ஐ. வரட்டும். ஆனால் எல்லோரும் கொண்டுவரப் பார்க்கிற இடம் வேறு, எங்களுக்கு அது தேவைப்படுகிற இடம் வேறு.

தீர்ப்பு எழுதத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வழக்கு படுத்துக்கொள்வது அதற்கு வெகு முன்னால். பண்ருட்டிப் பக்கம் ஒரு பலாத்தோப்பு, உடன்பிறந்தவர்களுக்குள் பாகம். எங்கள் கட்சிக்காரர் மூத்த அக்கா. சாட்சி விசாரணை தொடங்கும் நேரத்தில் வெளியூரில் இருந்த ஒரு பிரதிவாதி இறந்துபோனார். வாரிசுகளைச் சேர்க்க 90 நாளுக்குள் மனு போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை ரத்து செய்யக் கேட்க இன்னொரு 60 நாள். அதுவும் கடந்தால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு. பேச்சுவார்த்தை அறுந்த குடும்பம். அந்தச் சாவு எங்கள் கட்சிக்காரருக்குத் தெரியவந்தபோது எல்லாக் கெடுவும் தாண்டிவிட்டது.

மூன்று மனுவும் போட்டோம். வாரிசுகளில் ஒருவர் புதுச்சேரி, ஒருவர் சிங்கப்பூர். 'கதவு பூட்டியிருந்தது' என்று நோட்டீஸ் திரும்பும், வாய்தா விழும், மறுபடி பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டுவோம். நடுவில் நீதிபதியும் மாறினார். கூண்டேறத் தயாராக வந்து வந்து திரும்பிய அந்த அம்மா ஒருநாள் கேட்டார்: "தம்பி, நான் இருக்கும்போதே என் வாய்மொழியக் கேட்டுக்குவாங்களா?"

இதில் நீதிபதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய சட்டச் சிக்கல் எது? ஏ.ஐ. இறப்புப் பதிவையும் வழக்குப் பட்டியலையும் பொருத்திப் பார்த்து இரண்டு தரப்புக்கும் உடனே தகவல் தரட்டும். திரும்பி வந்த நோட்டீஸை அன்றைக்கே படித்து, 'புது முகவரி கொடுங்கள்' என்று வாய்தாவுக்கு முன்பே சொல்லட்டும். இதைச் செய்கிற ஏ.ஐ.யைத்தான் நான் கேட்கிறேன்.

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்த 7,210 கோடி ரூபாயில் ஏ.ஐ. போன்ற புதுத் தொழில்நுட்பங்களுக்கு 53.57 கோடி. உச்ச நீதிமன்றம் 2019-லேயே 'சுவாஸ்' மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தீர்ப்பைத் தமிழில் படிக்க முடிவது நல்ல விஷயம், மறுக்கவில்லை. முடிவெடுப்பதை மட்டும் ஏ.ஐ.யிடம் விடக் கூடாது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கு வகுத்த கொள்கையும் அதைத்தான் சொல்கிறது. நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். நான் போய்வரும் ஒரு கோர்ட்டில் வயதானவர்கள் உட்கார வராந்தாவில் பெஞ்ச் கிடையாது, பெண்கள் கழிப்பறை பாதி நாள் பூட்டு. காலை பத்து மணிக்கு வந்த பெண் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் நிற்கிறாள். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம், ஒரு சாவி போதும்.

ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் அடையாள எண்தான் சி.என்.ஆர்.; உங்கள் வழக்கின் அந்த 16 இலக்க எண்ணை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பாருங்கள். பிரதிவாதிகள் எல்லோருக்கும் நோட்டீஸ் சார்வாகிவிட்டதா (கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா), எந்த இடைக்கால மனு நிலுவையில் நிற்கிறது என்று உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். அதைக் கமெண்ட்டில் எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.