ஹார்னுக்கு வராத சுரங்கள்

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): மொசார்ட் சிம்பொனியில் வயலின்கள் ஓயாமல் வாசிக்கின்றன. ஹார்ன்காரர்களோ நாலு சுரம் ஊதிவிட்டு வெகுநேரம் சும்மா இருக்கிறார்கள். ஏன்?

பதில்: ஹார்ன் என்பது சுருண்ட பித்தளை ஊதுகருவி. இன்றைய ஹார்னில் எல்லாச் சுரமும் வரும். மொசார்ட் காலத்து ஹார்ன், விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வு இல்லாத வெறும் சுருள் குழாய். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால், அந்தக் குழாயின் நீளத்துக்கு இயல்பாக அமைந்த சுரங்கள் மட்டுமே பேசும். கீழே ஸ, ப. நடுவில் ஸ, க, ப. அதற்கும் மேலே போனால்தான் ஸ, ரி, க என்று வரிசையாகக் கிடைக்கும். அங்கும் ‘ம’ சுத்த மத்யமமாகவும் இராது, பிரதி மத்யமமாகவும் இராது. இரண்டுக்கும் நடுவில் தொங்கும்.

சுருதி மாற்ற, ‘குரூக்’ எனும் துணைக்குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். மேற்கத்தியர் எஃப் என்று அழைக்கும் சுருதிக்கு மொத்தக் குழாய் சுமார் 12 அடி, தாழ்ந்த சி சுருதிக்கு 16. டிம்பனி எனும் பெரிய முரசும் இரண்டே, ஒன்று ஸ, மற்றது ப. பாட்டு வேறு சுருதிக்கு நகர்ந்தால் இவர்களுக்கு வேலை குறைந்துவிடும்.

மொசார்ட் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். 1788இல் எழுதிய 40ஆம் சிம்பொனியின் முதல் பகுதியில் இரண்டு ஹார்ன்களுக்கும் ஒரே சுருதி இல்லை. ஒன்று ஜி, இன்னொன்று பி ஃபிளாட். ஒன்றில் இல்லாத சுரம் மற்றதில் கிடைக்கும்.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் (1808) சிக்கல் காதுக்கே தெரியும். முதல் பகுதியில் இரண்டாம் கருவை (இரண்டாவது முக்கிய மெட்டை) ஈ ஃபிளாட் ஹார்ன்கள் ‘ப ப ப ஸ ரி ப’ என்று முழங்கி அறிவிக்கின்றன. பின்னால் அதே முழக்கம் சி மேஜர் சுருதியில் திரும்பும்போது ஊதுவது பஸூன் எனும் நீண்ட மரக்குழல்! குரூக் மாற்ற அவகாசம் இல்லை. புனல்வாய்க்குள் கையை நுழைத்து அடைத்து அந்தச் சுரங்களைப் பிடிக்கலாம்தான். ஆனால் மூக்கடைத்த குரலாகிவிடும், முழக்கத்துக்கு உதவாது. இன்று சில நடத்துனர்கள் அந்த இடத்தையும் ஹார்னுக்கே கொடுக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, பஸூனின் சற்றே கரகரத்த தொனிக்குத் தனி ருசி உண்டு. வால்வுக்கான காப்புரிமை பதிவானது 1818இல்தான்.

கேள்வி (காரைக்குடி வாசகி): அன்று வாத்தியக் குழுவில் எத்தனை பேர்? நடத்துனர் உண்டா?

பதில்: 1761இல் இசையமைப்பாளர் ஹைடன் எஸ்டர்ஹாஸி பிரபுவிடம் சேர்ந்தபோது ஏறக்குறைய 15 பேர். 1791இல் லண்டனில் வயலின்காரர் சாலமன் நடத்திய கச்சேரிகளில் சுமார் 40. அரண்மனை அறைக்குப் போதுமான வயலின்கள், சந்தா கட்டி வந்த கூட்டம் நிறைந்த கூடத்துக்குப் போதவில்லை. கோல் பிடித்த நடத்துனர் கிடையாது. சாலமன் முதல் வயலினிலிருந்து வழிநடத்த, ஹைடன் விசைப்பலகை வாத்தியத்தின் முன் உட்கார்ந்திருந்தார்.

கேள்வி (அதே வாசகி): கிளாரினெட் எப்போது சேர்ந்தது?

பதில்: தாமதமாக. மேலே சொன்ன 40ஆம் சிம்பொனியை மொசார்ட் முதலில் கிளாரினெட் இல்லாமல்தான் எழுதினார். பிறகு இரண்டைச் சேர்த்து, ஓபோ எனும் மரக்குழலின் வரிகள் பலவற்றை அவற்றுக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வடிவங்களுக்கும் ஒலிப்பதிவு உண்டு, அடுத்தடுத்துக் கேளுங்கள்.